கோழித் தீவனம் கட்டி தட்டாமல், பூஞ்சை பிடிக்காமல் வைத்துக்கொள்வது எப்படி: வேலூர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும்

வீட்டுப் பின்பக்கம் பத்து, பதினைந்து கோழி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பண்ணைக்காரர்களிடம் தனிக் கொட்டகையே இருக்கும், மூட்டையும் வாரத்துக்குள் தீர்ந்துவிடும். நம்மிடம்தான் ஒரு மூட்டை மாதக்கணக்கில் கிடக்கிறது.

முதலில் கணக்கு. பெரிய கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும், வெளியே மேய்ந்து வரும் நாட்டுக்கோழிக்கு இன்னும் குறைவாகவே போதும். பத்துக் கோழிக்கு 50 கிலோ மூட்டை ஒன்றரை மாதம் வரும். அதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள், கடைக்காரர் விலையைக் குறைத்துத் தந்தாலும் சரி. அரைத்த தீவனம் முழுத் தானியத்தைவிடச் சீக்கிரம் கெடும். மணி உடைந்ததும் உள்ளே இருக்கிற எண்ணெய்ப்பசை காற்றில் பட்டுச் சிக்கு வாடை வந்துவிடும், வைட்டமினும் குறைந்துகொண்டே போகும். சொந்தமாகக் கலப்பவர்கள் கம்பு, மக்காச்சோளத்தை முழுசாக வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் மில்லில் உடைத்துக்கொள்வது நல்லது. அரிசித் தவிடு இன்னும் மோசம், மில்லை விட்டு வந்த சில நாளிலேயே காரல் ஏறிவிடும். அதைச் சேர்த்து வைக்கவே கூடாது.

வாங்கும்போது மூட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள், அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். கட்டி தட்டினால் அந்த மூட்டை வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் கூடுதல் கவனம் தேவை. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் கடலை விளைவதால் நமக்குப் புண்ணாக்கு சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் பூஞ்சை முதலில் தேடி வருவதும் அதைத்தான். ஒரு வில்லையை உடைத்து உள்பக்கத்தை மோந்து பாருங்கள். நல்ல புண்ணாக்கில் வறுத்த கடலை மணம் இருக்கும்.

அடுத்தது டிரம். மூடி இறுகப் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம்தான் என் தேர்வு. எலி கடிக்கிற இடமாக இருந்தால் மட்டும் தகர டிரம். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கண்டிப்பாகக் கேளுங்கள், ஏனென்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள் இருப்பதால் நம் பகுதியில் விற்பனைக்கு வரும் நீல டிரம்மில் ரசாயனம் இருந்திருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உணவுப் பொருள் வந்த டிரம் என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் புதிதாகவே வாங்கிவிடலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான். மழைத் தண்ணீர் உள்ளே போகாத டிரம்மிலும் தீவனம் பூஞ்சை பிடிக்கும். தானியத்தை வெயிலில் காயவைத்து, சூடு ஆறாமல் டிரம்மில் கொட்டி மூடினால், ராத்திரி மூடி குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற ஆவி மூடியின் அடியில் நீர்த்துளியாகக் கோத்துக்கொண்டு மேல் அடுக்கில் சொட்டும். சுடுசோற்றுக் குண்டானை மூடிவைத்தால் தட்டில் நீர் கோப்பது போலத்தான். மேலே நாலு விரல் அளவுக்குக் கட்டியாகி, சாம்பல் பச்சையில் பொடி பூத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டிரம்மை வெயில் படுகிற சுவரோரமோ சிமென்ட் ஷீட்டுக்கு நேர் கீழோ வைத்தாலும் இதேதான் நடக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, ஷீட்டுக்குக் கீழே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, இடையிடையே கிளறிவிட்டுக் காயவையுங்கள். சாயங்காலம் நிழலுக்குக் கொண்டுவந்து முழுசாக ஆறவிடுங்கள். கையை உள்ளே விட்டால் கதகதப்பு துளியும் தெரியக் கூடாது. அப்புறம் ஈரம் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு தானியமும், ஒரு கைப்பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னொரு வெயில் காட்ட வேண்டும். ஒட்டாவிட்டாலும் உடனே மூடாமல் இன்னும் ஒரு நாள் காயவைப்பேன், ஏனென்றால் பல நாள் வைக்க 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பாதுகாப்பு. கம்பனித் தீவனத்தை மட்டும் வெயிலில் போடாதீர்கள், வைட்டமின் போய்விடும்.

டிரம்மை வீட்டுக்குள் நிழலான மூலையில், செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பழைய தீவனத்தின் மேல் புதுசைக் கொட்டாதீர்கள். பழையது தீர்ந்து, டிரம்மைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் அடுத்த மூட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரம்மை அடிக்கடி திறக்காமல், வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டின்னில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சை வந்துவிட்டால்? மேலே இருப்பதை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காயவைத்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஆனால் அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்ஸின் என்ற விஷம் அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் போகாது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன, காரணம் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கு. அந்த விஷத்தை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கோழிக்கு அது ஈரலைத்தான் முதலில் தாக்கும், வாத்துக்கு இன்னும் வேகமாக. கெட்டுப்போன புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நிறைய வாங்கிவிட்டு சந்தேகமாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

பின்னர் சேர்த்தது: தெரிந்தவர்கள் பலர் வண்டு பற்றிக் கேட்டார்கள். முழுத் தானியத்தில் வண்டு வந்தால் சலித்து, வெயில் காட்டி, ஆறவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடுங்கள். முக்கல் வாடை இல்லையென்றால் அந்தத் தானியத்தைக் கோழிக்குப் போடலாம், சலித்த வண்டையும் அதுவே பொறுக்கித் தின்றுவிடும். தானியத்துக்குப் போடும் வண்டு மாத்திரையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும், மூடிய அறையில் ஆளையே கொல்லும்.