அலர்ஜி ஆராய்ச்சியில் நாம் கோட்டை விடும் இடங்கள்

அலர்ஜி, இம்யூனாலஜி பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் தீசிஸுக்குத் தலைப்பு தேடும்போது செய்யும் முதல் தவறு, வேறெங்கோ ஒருவர் செய்து முடித்ததை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்வது. தூசுப்பூச்சிக்கு எத்தனை பேருக்கு பாசிட்டிவ் என்று எண்ணினால் டிகிரி கிடைத்துவிடும், சரி. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு இறாலையும், கருவாட்டுத் தூசியையும், பாசி எடுக்கிற பெண்களின் கை அரிப்பையும், ஊரெல்லாம் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தத்தையும் விட்டுவிட்டு அதைச் செய்வானேன்?

அடுத்தது நானே செய்தது. மீன் அலர்ஜி என்று வருபவர்களை ஆய்வில் சேர்த்துக்கொண்டிருந்தேன். பாம்பன் பக்கமிருந்து ஒருவர் வந்தார். சூரைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி. படிவத்தில் 'மீன் அலர்ஜி' என்று எழுதியாயிற்று. கிளம்பும்போது அவர் மனைவி, "எனக்கும் முகம் எரிஞ்சுச்சு சார், அடுப்படிச் சூடுன்னு நெனச்சேன்" என்றார். ஒரே குழம்பு, இரண்டு பேர்! சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் போதாமல் கிடந்தால் பாக்டீரியா அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக (அலர்ஜியில் நம் உடம்பே வெளிவிடும் அதே ரசாயனம்) மாற்றிவிடும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. பார்த்தால் அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனால் கோளாறு மீனில். 'உங்களோடு சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆச்சு' என்ற ஒரு கேள்வி என் படிவத்தில் இல்லை.

இங்கே ட்ரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கைகொடுக்கும். உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜியான அனாபிலாக்ஸிஸில் ஏறும், ஹிஸ்டமின் விஷத்தில் ஏறாது. ஆனால் உணவால் வரும் அனாபிலாக்ஸிஸிலும் ஏறாமல் போவதுண்டு, அதனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. ரத்தத்தை அறிகுறி தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் 4 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ராத்திரி லேப் பூட்டியிருக்கிறதே என்று நான் காலையில் எடுத்து வைத்த குப்பிகள் இதற்கு உதவவில்லை.

பெரிய தவறு இன்னொன்று: அலர்ஜிப் பொருளைத் தோலில் லேசாகக் குத்தித் தடிக்கிறதா என்று பார்க்கும் தோல் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே அலர்ஜி என்று எண்ணிவிடுவது. இறாலில் அலர்ஜியைத் தூண்டும் முக்கியப் புரதம் ட்ரோபோமையோசின். அதே குடும்பத்துப் புரதம் தூசுப்பூச்சியிலும் கரப்பானிலும் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் தடிப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வாரம் மூன்று நாள் இறால் தொக்கு தின்கிறவரும் உங்கள் பட்டியலில் நிற்பார். சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள். ரத்தத்தில் பார்க்கும் மொத்த ஐஜிஇ (அலர்ஜியோடு தொடர்புள்ள ஆன்டிபாடி) அளவு வேறு, குடல் புழு இருந்தாலே ஏறிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அலர்ஜி இருந்தும் பரிசோதனை நெகட்டிவ் என்று காட்டலாம். "அலர்ஜி மாத்திரை போட்டீங்களா?" என்றால் இல்லை என்பார்கள், ஆனால் சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் தோல் தடிப்பை அமுக்கிவிடும் ஆன்டிஹிஸ்டமின் இருந்திருக்கும். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குத்தும் ஹிஸ்டமின் சொட்டு (கன்ட்ரோல்) தடிக்கவில்லை என்றால் அன்றைய ரிசல்ட்டை எழுதாதீர்கள்.

தோல் பரிசோதனைக்குக் கம்பெனி விற்கும் இறால் சாறு (எக்ஸ்ட்ராக்ட்) எந்த இறாலிலிருந்து வந்தது என்று லேபிளைப் பார்ப்பவர்கள் குறைவு. நம் ஆட்கள் சாப்பிடும் இறாலையே குத்தி, அதே லான்செட்டால் (சின்னக் குத்தூசி) தோலில் குத்திப் பார்க்கலாம். 'வெள்ளை இறால்' என்று மட்டும் எழுதி வைக்காமல் இனப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். 1947-இல் மண்டபத்தில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு இன்றும் அங்கே மையம் இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

அப்புறம் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது என்பதால், அந்தக் காகித வேலையை இந்த இரண்டு மாதத்தில் முடித்துக்கொண்டால் போட் இறங்கும்போது நீங்களும் இறங்கலாம்.