பழைய பக்கமே வருகிறதா? பிரவுசரைப் புதிதாக எடுக்க வைக்கும் முறை

மே பிறந்தால் திருகோணமலையில் சீசன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள் வெப்சைட்டில் ரூம் விலையை மாற்றுவார்கள். மாற்றிவிட்டுப் போனில் பார்த்தால் பழைய விலையே நிற்கும். உடனே வெப்சைட் செய்து கொடுத்த தம்பிக்குக் கோல் போகும். பெரும்பாலும் பிழை வெப்சைட்டில் இருக்காது.

ஒருமுறை எடுத்த படங்களையும் ஃபைல்களையும் பிரவுசர் தன்னிடமே சேமித்து வைக்கும். இதுதான் கேஷ். அடுத்த முறை கையிலிருப்பதையே காட்டிவிடுவதால் டேட்டா மிச்சம், பக்கமும் கெதியாக வரும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சேர்வர், அதாவது வெப்சைட் இருக்கும் கொம்பியூட்டர், சொல்லி அனுப்பும். 86400 என்று சொன்னால் அத்தனை செக்கன், அதாவது ஒரு நாள்.

கொம்பியூட்டரில்

1. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். அநேகமாக இதோடு காரியம் முடிந்துவிடும்.

2. முடியாவிட்டால், குரோமில் எஃப்12 அழுத்துங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு பெட்டி திறக்கும். அதில் ஓடும் எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பெட்டியை மூடாமல், மேலே முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் வட்ட அம்புக்குறியில் ரைட் கிளிக் செய்யுங்கள். மூன்று தெரிவுகள் வரும். கடைசியில் இருப்பது கேஷைக் காலி செய்துவிட்டு ரீலோட் செய்வது. பெட்டி மூடியிருந்தால் இந்தத் தெரிவுகள் வரவே வராது, கவனம்.

போனில்

விரலால் கீழே இழுத்து விடுவது சாதாரண ரீலோட்தான். முதலில் அதே முகவரியை இன்காக்னிட்டோவில், அதாவது முன்பு சேமித்ததை எடுக்காத தனி டேப்பில், திறந்து பாருங்கள். அங்கே புதிய விலை தெரிந்தால், பழசு உங்கள் போனில்தான் தங்கியிருக்கிறது.

அப்போது ஆண்ட்ராய்ட் குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, பிரவுசிங் டேட்டாவை அழிக்கும் இடத்துக்குப் போங்கள். சேமித்த படங்களும் ஃபைல்களும் என்பதில் மட்டும் டிக் இருக்கட்டும். "எல்லாத்தையும் அழியுங்கோ" என்று சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். குக்கீயை அழித்தால் லொகின் செய்திருந்த தளங்களிலிருந்து வெளியேற்றிவிடும். பாஸ்வேர்ட் அழிந்தால் இன்னும் கரைச்சல். கேஷ் மட்டும் போனால் நஷ்டம் சிறிதுதான்: அடுத்த தடவை பக்கங்கள் கொஞ்சம் மெதுவாக வரும், டேட்டா கூடுதலாகப் போகும்.

வெப்சைட் உங்களுடையது என்றால்

கொழும்பிலிருந்து ரூம் தேடுகிறவரிடம் மூன்று கீயை அழுத்துங்கள் என்று சொல்ல முடியாது. விலைப்பட்டியல் படமாக இருந்தால், புதிய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றாதீர்கள். பெயரோடு 2 என்று சேர்த்து ஏற்றி, பக்கத்தில் இருக்கும் படத்தின் முகவரியையும் மாற்றுங்கள். பிரவுசருக்கு அது முன்பு பார்த்திராத ஃபைல், ஆகவே சேர்வரிடம் போய்த்தான் எடுக்கும்.