டேங்கில் ஊற்றினால் மட்டும் போதாது: ஃபியூயல் ஸ்டெபிலைசரில் நடக்கும் தவறுகள்

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஜெனரேட்டரோ பைக்கோ ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், கோளாறு பெரும்பாலும் எஞ்சினில் இருக்காது, பெட்ரோலில்தான் இருக்கும். காற்றுப்பட்ட பெட்ரோல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. சட்டென்று பற்றிக்கொள்ளும் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இப்படிக் கெடாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கும் திரவம்தான் ஃபியூயல் ஸ்டெபிலைசர். அதில் முக்கியமாக இருப்பவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள். பலவற்றில் துருப்பிடிக்காமல் காக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே கெட்டதை இது சரிசெய்யாது. இது புரியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

வண்டியை மூடி வைக்கும் நாளில், டேங்கில் எப்போதோ போட்ட பெட்ரோல் மிச்சமிருக்கும். அதிலேயே ஸ்டெபிலைசரை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பிசின் உருவாகத் தொடங்கிய பெட்ரோலில் எவ்வளவு ஊற்றினாலும் அது புதியதாகாது. கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் பாருங்கள். நிறம் கறுத்து, வார்னிஷ் போலப் புளித்த வாடை வந்தால், முறைப்படி அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புவதே நல்லது. முதலில் ஸ்டெபிலைசரை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை நிரப்பினால் தானாகவே கலந்துவிடும்.

அடுத்தது, நான் பார்த்தவரை அதிகமாக நடக்கும் தவறு: ஊற்றியதும் எஞ்சினை ஓட்டாமல் விடுவது. டேங்கில் இருப்பது மருந்து கலந்த பெட்ரோல், சரி. ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில், அதாவது ஃப்ளோட் பவுலில், நிற்பது பழைய பெட்ரோல்தான். அங்கே இருப்பதே சில ஸ்பூன் அளவு. அதுவும் காற்றோட்டத் துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில் இருப்பதால், டேங்கில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் துளையோ பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பிசின் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தாலே அடைப்புதான். அப்புறம் சோக் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை விட்டதும் நின்றுவிடும். ஆகவே, ஸ்டெபிலைசர் கலந்தபின் 10 நிமிடமாவது ஓட்டுங்கள். அதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

பல மாதம் நிறுத்துவதாக இருந்தால், இதோடு விடாமல் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன். அப்போதும் கிண்ணம் முழுக்கக் காலியாகாது. அடியில் உள்ள சிறிய ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் இன்னும் கொஞ்சம் வடியும். எஞ்சின் ஆறியபின் கீழே ஒரு கிண்ணம் பிடித்துச் செய்தால் தரையும் பாழாகாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இந்த வேலை இல்லை, மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர்வரை போய்ச் சேர ஓட்டினால் போதும்.

அளவு விஷயத்தில் கைக்கு வந்தபடி ஊற்றக் கூடாது. இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு காலம் தாங்கும் என்று எந்தக் கணக்கும் இல்லை. பாட்டிலில் போட்டிருக்கும் அளவே போதும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஆயில் கலப்பதை விட்டுவிடாதீர்கள், ஆயிலுக்குப் பதில் இது ஆகாது.

டேங்கைப் பாதியில் விடுவதும் வம்புதான். காலியிடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகும். இரும்பு டேங்க் என்றால் மேல்பக்கம் துருவேறும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைத்தான் தாங்கும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும் அடியில்தானே இருக்கிறது! இப்படிப் பிரிந்ததை ஸ்டெபிலைசரால் மறுபடி சேர்க்க முடியாது. எனவே டேங்கை ஏறக்குறைய முழுதாக நிரப்பி, வெப்பத்தில் பெட்ரோல் விரிவதற்கு மட்டும் சிறிது இடம் விடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்களும் உண்டு. எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தினால், எரியும்போது உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். ஆயிலை மாற்றுவதும் நிறுத்துவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை. பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறக் கூடாது.

டீசல் கதை வேறு. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கொழகொழவென்று ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கின் அடியில் சேர்ந்த தண்ணீரை முதலில் வடித்துவிட்டு, டீசலுக்கென்றே உள்ள மருந்தைத்தான் போட வேண்டும். பெட்ரோலுக்கு வாங்கிய பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதில் ஊற்ற வேண்டாம்.