நனைக்காமல் வெட்டிய துணி

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் நாலைந்து பேர் என் வீட்டுக் கூடத்தில் துணியும் ஊசியுமாக உட்காருவோம். வகுப்பு என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், நடுவில் டீ வரும், அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். போன மாதம் புதிதாக வந்த பெண் பையிலிருந்து ஒரு குஷன் உறையை எடுத்துக் காட்டினாள். பதினாறு கட்டங்கள், ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பும் வெள்ளையும். வெள்ளையெல்லாம் ரோஸ் நிறம். "ஒரே ஒரு தடவைதான் துவைச்சேன்கா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. பத்து வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

தையலிலும், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவிலும் நாம் செய்யும் இந்த மாதிரித் தவறுகளைத்தான் எழுதுகிறேன். விரலில் ஊசி குத்திக்கொள்வது, பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழம் வெறுமனே மெஷின் ஓட்டுவது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. நாலு முறை நடந்தால் தானாகச் சரியாகிவிடும்.

புதுத் துணியை அப்படியே வெட்டுவது

இதைப் பற்றி நீளமாகத்தான் புலம்புவேன்.

தங்கைக்கு வளைகாப்பு நடந்த சமயம். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒட்டுத்துணியில் போர்வை தைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மதுரையில் ஒரு கடையில் அரக்கு நிறத்தில் சுங்குடியும், இடையிடையே வைக்க வெள்ளை பாப்ளினும் வாங்கினேன். சாயம் போகுமா என்று கேட்காமல் இல்லை. "போகவே போகாதும்மா, போச்சுன்னா கொண்டுவாங்க" என்றார் கடைக்காரர். அன்று இரவே கத்தரியை எடுத்தேன். கஞ்சி மொடமொடப்போடு இருக்கும் புதுத் துணியை வெட்டுவது தனி சுகம், போட்ட கோட்டை விட்டு இம்மி நகராது. 120 கட்டங்கள் வெட்டி, இணைத்து, உள்ளே மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டேன். ஏழு வாரம் ஆனது.

குழந்தை பிறந்து மூன்றாவது வாரம் தங்கையின் மாமியார் அதைத் துவைத்துப் போட்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது மாடியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. அதைவிட மோசம், சுங்குடி சுருங்கிய அளவுக்குப் பாப்ளின் சுருங்கவில்லை. பாதிக் கட்டங்கள் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி நின்றன. அந்த அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. "காயட்டும்மா, சரியாயிடும்" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாமே என்றால், 120 துண்டாக வெட்டிய துணியை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? அந்தப் போர்வை இப்போது தங்கை வீட்டு வாஷிங் மெஷினுக்கு மேல்துணி.

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ரவிக்கைக்கு லைனிங் துணி எடுத்தால் நனைத்துக் காயவைத்துத்தானே டெய்லரிடம் கொடுக்கிறோம்? அந்தப் புத்தி ஒட்டுத்துணித் தையலில் மட்டும் எங்கே போகிறது? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றிய காரணம் இது: எங்கள் அப்பத்தா தைத்த விரிப்புகளில் சாயம் கலந்து நான் பார்த்ததே இல்லை. அவர் தைத்தது கிழிந்த சேலையிலும் பழைய வேட்டியிலும். நூறு தடவை துவைத்த துணியில் போவதற்குச் சாயமும் இல்லை, சுருங்குவதற்கு இடமும் இல்லை. நாம் அவர் செய்த வேலையைப் புதுத் துணியில் செய்கிறோம்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து நூல் சுருங்குகிறது. அதனால்தான் அகலத்தைவிட நீளத்தில் அதிகம் குறைகிறது. பருத்தித் துணி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்குவது சாதாரணம். ஒரே மாதிரி சுருங்கினாலாவது சமாளிக்கலாம், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவில் சுருங்குவதுதான் வம்பு.

சாயத்துக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் உப்புத் தண்ணீர். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயம் நூலுக்குள் ஏற அது உதவும். சாயம் போட்டு முடித்துக் கடைக்கு வந்த துணியை நம் வீட்டு வாளியில் உப்புப் போட்டு ஊறவைத்தால், இன்று பருத்திக்குப் பெரும்பாலும் போடும் சாயங்களில் ஒன்றும் ஆகாது. வினிகரும் அப்படித்தான். பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் வழி.

நான் இப்போது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுகிறேன். அரக்கு, சிவப்பு, கருநீலம், கறுப்பு என்றால் ஐந்தாறு தண்ணீர்கூட ஆகும். அப்புறம் ஈரத் துணியின் ஒரு மூலையை வெள்ளைத் துணிமேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறேன். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தத் துணிக்குப் போர்வையில் இடம் கிடையாது, தனியாகப் பை தைக்கலாம். மொடமொடப்பு வேண்டுமானால் துவைத்த பிறகு லேசாகக் கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள். சின்னத் துண்டுகளைத் தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டி அலசினால் பிசிறு அதிகம் வராது.

ஏற்கெனவே தைத்து, துவைக்கும்போது சாயம் கலந்துவிட்டதா? காயவிடாதீர்கள். ஈரமாகவே எடுத்து, பெரிய தொட்டியில் நிறைய வெந்நீரும் சோப்பும் கலந்து, துணி முழுக்க மூழ்கும்படி ராத்திரி முழுவதும் விட்டுவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும். முழுதாகப் போகாவிட்டாலும் நன்றாகவே குறையும். இது அன்றைக்கே தெரிந்திருந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை, கொடியில் பாதி காய்ந்திருந்தது.

உள்தையலில் அரைகுறை

கட்டங்களை இணைக்கும்போது உள்ளே விடும் துணி கால் இஞ்ச். மூன்றரை இஞ்சில் வெட்டினால் தைத்த பிறகு மூன்று இஞ்ச். ஒவ்வொரு தையலிலும் 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்தால் ஓர் இணைப்புக்கு 2 மி.மீ. போகும். பன்னிரண்டு கட்டம் உள்ள வரிசையில் 11 இணைப்பு, 22 மி.மீ. போய்விட்டது. அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எங்கே சேரும்? மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரம்தான் கால் இஞ்ச் என்று நம்பாதீர்கள். ஊசியிலிருந்து அளந்து, தகட்டின்மேல் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

துணிக் கத்தரியில் காகிதம்

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் கத்தரியை ஒளித்து வையுங்கள்.

டெய்லர் கடை வெட்டுத்துணி

சும்மா கிடைக்கிறது என்று மூட்டையாக அள்ளி வருவோம். பாதி பாலியஸ்டராக இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு நூலை உருவி, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் அந்தக் கட்டம் உங்கள் கண் முன்னாலேயே சுருளும்.

குரோஷாவில் எண்ணாமல் போவது

சதுரமாக ஆரம்பித்த சால்வை முக்கோணமாக முடிந்தால், வரிசைக் கடைசியில் ஒரு கண்ணைத் தவறவிட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் ஊக்கு மாட்டி, ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். டிவி பார்த்துக்கொண்டே போடலாம், டிவி பார்த்துக்கொண்டே எண்ண முடியாது.

இன்னொன்று. பின்னல் குறிப்புகளில், அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்னும் பின்னலைத்தான் பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். பிரிட்டிஷ் முறையில் 'சிங்கிள்' என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. ஆகவே, குறிப்பில் அந்தச் சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்கக் குறிப்பு. இது தெரியாமல் ஒரு குழந்தைத் தொப்பியை என் தலைக்குப் பொருந்தும் அளவில் போட்டு முடித்தேன்.

லாட் நம்பர்

ஒரு வேலைக்கு வேண்டிய எல்லா நூல் உருண்டையையும் ஒரே நாளில், லேபிளில் ஒரே லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்டதற்கான எண்) பார்த்து வாங்குங்கள்.

உல்லன்மேல் இஸ்திரி

உல்லன் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சூடு பட்டால் பின்னல் துவண்டு, தட்டையாகி, ஒரு பளபளப்பு வந்துவிடும். திரும்ப எழும்பாது. லேசாக ஈரப்படுத்தி, துண்டின்மேல் விரித்து, ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்தி விடுங்கள். ஃபேன் காற்று போதும்.