படைத்தளத் துரித உணவகத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர்: கையெழுத்து இடறும் இடங்கள்

குவைத்தின் அரிப்ஜான் முகாம் போன்ற அமெரிக்கப் படைத்தளங்களில் இருக்கும் பர்கர், பீட்சாக் கடைகளில் ஷிப்ட் சூப்பர்வைசராக வேலை செய்யப் புறப்படும் இலங்கை மலையக இளைஞர்கள் செய்யும் முதல் தவறு, விமானம் ஏறுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்கே வந்து பேசும் உப முகவரை நம்பி, படித்துப் பார்க்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அவருக்குக் கட்டணம் கொடுக்க நகையையும் அடகு வைத்துவிடுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவர் நிலையத்துக்கு உரிமம் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஒப்பந்த விதிகள், தொழிலாளரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையும் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் தடை செய்கின்றன. தோட்டங்களில் கடன் சீட்டைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும், நாமே கடன்பட்டு வேலைக்குப் போவது விந்தைதான்.

வேலையில் சேர்ந்த பின், மிகுந்த கவனம் தேவைப்படுவது வெப்பநிலைப் பதிவேட்டுக்கு. அமெரிக்கத் தளங்களில் பாரன்ஹீட் அளவே வழக்கம். குளிரில் வைக்கும் உணவு 41 பாகைக்கு மேலேயும், சூட்டில் வைக்கும் உணவு 135 பாகைக்குக் கீழேயும் போகக் கூடாது. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 165 பாகையை எட்டியிருக்க வேண்டும். செல்சியஸில் பழகிய கண்ணுக்கு 41 என்பது கொதிக்கும் வெயிலாகத் தோன்றும். உண்மையில் அது 5 பாகை செல்சியஸ்தான். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே சரியான கருவியும் பிழையாகத் தெரியும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் 32 பாகை பாரன்ஹீட் காட்டுகிறதா என்று பார்ப்பதே எங்கும் பொருந்தும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அளக்காமலே ஷிப்ட் முடிவில் ஒரே பேனாவால் எல்லாக் கட்டங்களிலும் 38 என்று நிரப்பிக் கையெழுத்திடுவது. குளிர்சாதனப் பெட்டி கூட அப்படி மாறாமல் இருப்பதில்லை என்பது பரிசோதகருக்குத் தெரியும்.

காசுப் பெட்டியில் இன்னொரு சறுக்கல் உண்டு. நாணயங்களை ஏற்றிவரும் பாரத்தைத் தவிர்க்க, 2001 முதல் 5, 10, 25 சத மதிப்புள்ள வட்டமான அட்டைகள் 'பொக்' என்ற பெயரில் இத்தகைய தளங்களில் புழக்கத்துக்கு வந்தன. விளம்பரத் துண்டு என்று நினைத்து எறிந்தால் அன்றைய கணக்கு உதைக்கும்.

ஆட்களை நடத்துவதில், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக் கங்காணியைப் போல் எல்லார் முன்னிலையிலும் அதட்டுவது ஒரு தவறு. ஊர்க்காரத் தம்பிக்கு எளிய வேலையும் நேபாளியருக்கு எண்ணெய்ச் சட்டியும் ஒதுக்குவது அதைவிட மோசமானது.

வீட்டாருக்கு அனுப்ப எடுக்கும் படத்தின் பின்னணியில் காவல் வாயிலோ இராணுவ வாகனமோ விழுந்துவிட்டால், நுழைவு அட்டை பறிபோகலாம். அதன்பின் கடை நிர்வாகமே விரும்பினாலும் வேலைக்கு வர முடியாது. ஏனெனில் நுழைய விடுவதும் மறுப்பதும் கடையின் கையில் இல்லை, தளத்தின் கையில் இருக்கிறது.