மாடித்தோட்டக் குழுவை மீட்டது எப்படி

எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் முதலில் 40 பேர்தான். "அக்கா, கத்தரியில மாவுப்பூச்சி" என்று படம் போட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும். அழைப்பு லிங்க்கை யாரோ முகநூலில் போட, 600 தாண்டியது. காலை வணக்கப் படங்கள், கடன் விளம்பரங்கள். பழையவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதுதான் வலித்தது.

அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றிப் பார்த்தேன். அது தவறு. குழுவே அடங்கிப்போனது.

பிறகு லிங்க்கை ரீசெட் செய்து, அட்மின் ஒப்புதலை ஆன் செய்தேன். சேர வருபவரிடம் ஒரே கேள்வி: "இப்போ என்ன வளர்க்கிறீங்க?" ஒரு தொட்டிக் கீரை போதும், சேர்த்துவிடுவேன். 1024 பேர் வரை இடமிருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டுமா? பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி வசதியில் பகுதிவாரியாகப் பிரித்து, குழுவுக்கு 60 பேர் என வைத்தேன். அறிவிப்புகள் மட்டும் எல்லோருக்கும் போகும்.

போன வாரம் ஒருவர் சிறகவரை விதை கேட்டார். மாலைக்குள் பக்கத்துத் தெருவிலிருந்தே கிடைத்தது.