ஸ்லைடை மூடுங்க, மாடிக்கு வாங்க

ஸ்கூல் பசங்களுக்கு வானவியல் சொல்லித்தரணும்னா பிக் பேங்ல ஆரம்பிக்காதீங்க, பாதி பேரு தூங்கிடுவாங்க. வியாழன் தெரியுற மாசமா பாத்து ஒரு 10×50 பைனாகுலர மொட்டமாடி சுவத்துல ஊனி ஆடாம பாக்க சொல்லுங்க, பக்கத்துலயே வரிசையா குட்டிப் புள்ளிங்க தெரியும், 1610ல கலிலியோ பாத்த அதே நாலு நிலாதான். நோட்டுல வரையட்டும், மறுநாளும் வரையட்டும், இடம் மாறியிருக்கும் (அதுல அயோங்கிற நிலா வியாழன ஒரு சுத்து வர சுமார் 42 மணி நேரம்தான்). சில நாள் மூணுதான் தெரியும், இன்னொண்ணு எங்கனு நீங்க சொல்லிடாதீங்க.

அப்புறம் புது கண்டுபிடிப்புகளுக்கு வாங்க. இருட்டு ரூம், உருண்டை பல்பு, தள்ளி ஒரு போன்ல லைட் மீட்டர் ஆப், நூல்ல கட்டின நெல்லிக்காய். காய போனுக்கும் பல்புக்கும் நடுவுல, பல்ப ஒட்டி மெதுவா நகத்துனா ரீடிங் இறங்கும். வேற நட்சத்திரங்களோட கோள்கள்ல முக்காவாசி இப்படி நட்சத்திரத்த மறைக்குறப்ப வெளிச்சம் மங்குறத வச்சுதான் சிக்குச்சு, ஆனா வியாழன் சைஸ் கோள் சூரியன மறைச்சாலே 1 சதவீதம்தான் மங்கும்னு சொல்லுங்க, முழிப்பாங்க. 2022ல ஜேம்ஸ் வெப் விண்வெளி தொலைநோக்கி, வாஸ்ப்-39பி கோளோட காத்துல கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு பிடிச்சதும் இப்படி மறைக்குறப்ப அந்தக் காத்து வழியா வடிஞ்சு வந்த வெளிச்சத்த வச்சுதான்.

எனக்கு மொத தடவ ரீடிங் அசையவே இல்ல, ஜன்னல் ஸ்க்ரீன இழுத்துவிட மறந்துட்டேன்.